பெர்லினில் நிதானமாக ஒரு வார இறுதி: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்லினுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் சில மாதங்களில் ஊர் சுற்றும் விதத்தைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பி, பிராண்டன்புர்க் வாயில், நாடாளுமன்றம், பெர்லின் சுவர், தொலைக்காட்சிக் கோபுரம் என்று இருட்டுவதற்குள் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். இடத்துக்கு ஒரு படம். ஞாயிறு முழுக்கத் தூக்கம். மூன்று நாளில் ஊர் திரும்பும் சுற்றுலாக்காரருக்கு வேறு வழியில்லை. இரண்டு ஆண்டு முதுகலை படிக்க வந்தவருக்கு இந்த அவசரம் எதற்கு? பெரிய இடங்களை ஒரு பார்வை பார்த்தே தீர வேண்டும் என்றால், 100ஆம் எண் பஸ்ஸில் ஏறி மாடியில் முன் இருக்கையில் உட்காருங்கள். 1990இல் கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் இணைத்த வழித்தடம் அது. நாடாளுமன்றம், உண்டர் டென் லிண்டன் சாலை, அருங்காட்சியகத் தீவு எல்லாம் ஜன்னலுக்கு வெளியே வந்துபோகும். பிறகு வாரத்துக்கு ஒரு பேட்டை என்று எடுத்துக்கொண்டு கால்நடையாகப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, பெர்னாவர் தெரு. சுவரைப் பார்க்க எல்லோரும் ஓவியங்கள் தீட்டிய ஈஸ்ட் சைடு கேலரிக்குத்தான் ஓடுகிறார்கள். அது அழகுதான். ஆனால் சுவர் என்றால் என்ன என்பது பெர்னாவர் தெருவில்தான் புரியும். இத்தெருவின் ஒரு பக்க வீடுகள் கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம்; அவற்றின் வாசல் நடைபாதையோ மேற்குக்குச் சொந்தம். 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தபோது, மக்கள் தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே மேற்குப் பக்கம் குதித்தார்கள். பின்னர் ஜன்னல்களும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. சுவர் இருந்த தடத்தில் இப்போது துருப்பிடித்த நிறத்தில் இரும்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளியில் குழந்தைகள் புகுந்து ஓடுகிறார்கள். சுவரையொட்டிக் காலியாக வைத்திருந்த எல்லைப் பட்டையில் சிக்கி 1985இல் தகர்க்கப்பட்ட தேவாலயத்தின் இடத்தில் மண் சுவர்ச் சிற்றாலயம் ஒன்று எழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ரை தானியம் விளையும் சிறு வயல். கட்டணம் எதுவும் இல்லை. அரை நாளை இங்கே தாராளமாகச் செலவிடலாம். ஞாயிறு என்றால், தெருக்கோடியில் மவர்பார்க் பழம்பொருள் சந்தையும் கூடியிருக்கும்.

அடுத்து டிக்கெட். மாணவர்களுக்கான பயண அட்டையான செமஸ்டர் டிக்கெட் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. வேறு ஊரிலிருந்து நண்பர் வரும் வார இறுதியில்தான் சிக்கல் தொடங்கும். இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டை, நடைமேடையில் நிற்கும் சிறிய பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் அது டிக்கெட் ஆகாது. பணம் கொடுத்தாயிற்றே என்று நினைத்து நண்பர் ஏறிவிடுவார். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் 60 யூரோ அபராதம் எழுதிவிடுவார். ஊருக்குப் புதிது என்ற விளக்கம் எடுபடாது. நகருக்குள் செல்லும் ஏபி மண்டலத்துக்கான ஒருமுறை டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில் மட்டும். அதே டிக்கெட்டில் போன வழியே திரும்பக் கூடாது. விமான நிலையமும் பக்கத்து நகரான போட்ஸ்டாமும் அதற்கு வெளியே சி மண்டலத்தில் இருக்கின்றன என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை: நாடு முழுவதும் செல்லும் உங்கள் செமஸ்டர் டிக்கெட் ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் செல்லாது. டிரெஸ்டனுக்கோ லைப்சிக்குக்கோ போவதானால் பிராந்திய ரயில்தான். நேரம் கூடுதலாகும், வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமையே தயாராகாமல் இருப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. நம் ஊரில் ஞாயிறுதான் கடைத்தெரு நாள். ஜெர்மனியில் அன்று சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாள் என்று 1919இல் எழுதிய வைமார் அரசியல் சட்ட விதி இன்றைய அரசியல் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. ஆகவே பால், காய்கறி, ரொட்டி எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வையுங்கள். தவறிப்போனால் மத்திய ரயில் நிலையத்திலும் கிழக்கு ரயில் நிலையத்திலும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், கூட்டம் நெரியும். அன்றைய அமைதி அக்கம்பக்கத்தாருக்கு மிக முக்கியம். விடுதி அறையில் ஆணி அடிப்பது, காலிக் கண்ணாடிப் பாட்டில்களைக் குப்பைத் தொட்டியில் சலசலவென்று கொட்டுவது எல்லாம் ஞாயிறன்று வேண்டாம்.

எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விசாவுக்காக முன்பணம் போட்டு வைத்து மாதாமாதம் எடுக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வருகிற மாணவர், காபி நானூறு ரூபாயா என்று திகைத்து அறையிலேயே அடைந்துகிடப்பதைப் பார்க்கிறேன். வீட்டுக் கடனை நினைத்துச் சிக்கனமாக இருப்பது நல்ல குணம். ஆனால் பெர்லின் ஏழை மாணவருக்கு இவ்வளவு இரக்கம் காட்டும் ஊர் என்பதை அறியாமல் அடைந்துகிடப்பதுதான் வருத்தம். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்தில் ஏறக் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டை எடுத்துப் போனால் போதும். டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டு, 2010இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1948-49இல் முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லினுக்கு விமானங்கள் உணவும் நிலக்கரியும் கொண்டுவந்து இறங்கிய ஓடுபாதையில் இன்று சைக்கிள் ஓட்டலாம், பட்டம் விடலாம், தயிர் சாதத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். அங்கே கட்டடம் எழுப்பும் திட்டத்தை 2014 வாக்கெடுப்பில் நகர மக்களே தடுத்தார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. பாட்டில் வாங்கத் தேவையில்லை. வாங்கினால் காலிப் பாட்டிலை வீசிவிடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் 25 சென்ட் கிடைக்கும். அருங்காட்சியகங்களில் மாணவர் அட்டையைக் காட்டிச் சலுகை கேளுங்கள். பெர்கமன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து சீரமைப்புக்காக முழுவதும் மூடப்பட்டிருப்பதால், தீவுக்குப் போகிறவர்கள் நெஃபர்டிட்டி சிலை இருக்கும் நொயெஸ் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக 2005இல் திறக்கப்பட்ட 2,711 கான்கிரீட் பாளங்களின் மேல் ஏறி நின்று, குதித்துப் படம் எடுக்காதீர்கள். அது இறந்தவர்களுக்கான இடம். தெருவில் நடக்கும்போது நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் பித்தளைத் தகடுகள் பதித்திருப்பதைக் காண்பீர்கள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாடு கடத்திய நாள், கொன்ற இடம். தகட்டுக்கு எதிரே உள்ள வீட்டில் குடியிருந்தவர் அவர். ஒரு நிமிடம் குனிந்து படியுங்கள்.

தமிழ்க் குரல் கேட்க ஏங்குகிறவர்கள் பிரிட்ஸ் பகுதியிலுள்ள ஸ்ரீ மயூரபதி முருகன் கோயிலுக்குப் போகிறார்கள். யூ7 ரயிலில் பிளாஷ்கோ அலே நிலையத்தில் இறங்க வேண்டும். பிரசாதம் வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல் அங்கே இருக்கும் ஈழத் தமிழ்ப் பெரியவர்களுடன் பேசுங்கள். 1980களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து தஞ்சம் கேட்டவர்கள். மேற்கு பெர்லின் நகரைப் பிரித்த அந்தப் பிரிவினைக் கோட்டினை நாட்டின் எல்லையாக ஏற்காததால் தன் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் அவர்கள் உயிர் தப்பி வந்தார்கள். பெர்னாவர் தெருவில் பார்த்த சுவருக்கு இப்படியும் ஒரு தமிழ்க் கதை உண்டு. அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

வீட்டுக்குப் பேசுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோடையில் நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அம்மா நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியிருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மதியம் வரை தூங்கி எழுந்தால் வெளிச்சமே கண்ணில் படாது, நாளடைவில் மனமும் சோர்ந்துபோகும். அந்த மாதங்களில் பத்து மணிக்கு வெளியே நடந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். பல இடங்களில் ஆறு மணி வரை அனுமதி உண்டு.