முன்பள்ளியைத் தெரிவுசெய்யும் முன்

திருகோணமலையில் பிள்ளைக்கு முன்பள்ளி தேடும் பெற்றோர், கட்டணத்தையும் சீருடையையும் விசாரிப்பதற்கு முன், பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் வேளையில் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது நல்லது. மூடியைத் திறக்க முடியாமல் திணறும் பிள்ளையிடம் ஆசிரியை குனிந்து பேசுகிறாரா, அதட்டுகிறாரா என்பதைக் கவனித்தாலே பாதி விடயம் விளங்கிவிடும். மூன்று வயதுப் பிள்ளையை எழுதவைப்பதைப் பெருமையாகச் சொல்லும் இடத்தை நான் தெரிவுசெய்யமாட்டேன். அந்த வயதில் மணலும் களியும் பாட்டும் கதையுமே விரல்களையும் மொழியையும் வளர்க்கின்றன. மலசலகூடம், குடிநீர், வீதிப்பக்கப் படலை ஆகியவற்றோடு, மாரியில் வெள்ளம் நிற்கும் வளவா என்பதையும் அயலவரிடம் கேளுங்கள்.

தரம் 1 அனுமதிக்கு, அவ்வாண்டு ஜனவரி 31 அன்று பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அரச பாடசாலைகள் முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பம் கோருவதால், பிறப்புச் சான்றிதழையும் வாக்காளர் இடாப்புப் பிரதிகளையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.