கிராஃபிக்ஸ் கார்டு வாங்கறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிங்கப்பா

காட்பாடில எங்க அக்கா பையன் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினு வந்து பழைய சிஸ்டம்ல சொருகிட்டான், டெஸ்க்டாப் வருது, பாட்டு ஓடுது, கேம் போட்டா மட்டும் அஞ்சே நிமிஷத்துல டப்புனு ஆஃப். கார்டு போச்சு மாமான்னு அழாத குறை. திறந்து பாத்தா கேபினட்டோட ஓசில வந்த எஸ்எம்பிஎஸ் (அதான், கம்ப்யூட்டருக்கு கரண்ட்டை மாத்திக் குடுக்கற டப்பா), கார்டுக்குப் போற 8 பின் ஒயர் கூட அதுல கெடயாது, ஹார்ட்டிஸ்க் ஒயர்ல கன்வர்ட்டர் மாட்டி வச்சினு கீறான். பக்கத்துல 450 வாட்ஸ்னு கொட்டை எழுத்து, கீழ பொடி எழுத்துல 12 வோல்ட் 16 ஆம்ப்ஸ். பெருக்கிப் பாருங்க, 192 வாட்ஸ் தான். நம்ம வேலூரை தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டைனு சொல்வாங்களே, அதுல வாட்ஸ் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸையும் சேத்துக்கலாம்.

ப்ராசஸரும் கார்டும் கிட்டத்தட்ட எல்லாத்தையும் 12 வோல்ட்ல தான் இழுக்கும். மிச்ச 5 வோல்ட், 3.3 வோல்ட்லாம் கூட்டி பொட்டில 450னு போட்டா நமக்கு இன்னா யூஸ்? அதனால மொதல்ல ஸ்டிக்கர்ல 12 வோல்ட் ஆம்ப்ஸைப் பாருங்க, 12ஆல பெருக்குங்க, மொத்த வாட்ஸுக்கு பக்கத்துல வந்தா தான் நல்ல சரக்கு.

அப்புறம் உங்க கணக்கு. இவன் ப்ராசஸர் ஐ5 12400, பேரு 65 வாட்ஸ் தான் ஆனா டர்போல, அதாவது முழு வேகத்துல ஓடும்போது, 117 வரைக்கும் போகும், எப்பவும் அந்தப் பெரிய நம்பரையே எடுங்க. கார்டு 170. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் சேத்து ஒரு 60 வைங்க. 347 ஆச்சா, அப்போ 400 போதுமேன்னு தோணும், போதாது. கார்டு மில்லிசெகண்ட் கணக்குல தன்னோட லிமிட்டைத் தாண்டி எகிறி இழுக்கும், அந்த நேரத்துல எஸ்எம்பிஎஸ் பயந்து கட் ஆயிடும். கார்டோட சிப் பண்ற என்விடியாவே 3060க்கு 550 வாட்ஸ் வைக்கச் சொல்றான். வந்த கூட்டலை ஒண்ணரையால பெருக்குனா எங்கியும் ஏமாற மாட்டீங்க, இங்க 520 வருது, 550 வாங்கிட்டோம். நாளைக்கு 4070 மாதிரி 200 வாட்ஸ் கார்டுக்குப் போற ஐடியா இருந்தா இப்பவே 650 எடுத்துடுங்க, ரெண்டு தடவை துட்டு எதுக்கு.

வெயிலை மறந்துடாதீங்க. கத்திரில நம்மூர்ல 40ஐத் தாண்டுது, கேபினட் உள்ள இன்னும் மேல. சூடு ஏற ஏற எஸ்எம்பிஎஸ் குடுக்கற பவர் கொறையும். சில கம்பெனி 40 டிகிரில ரேட்டிங் சொல்லும், சிலது 50ல, ஸ்பெக்ல 50னு இருக்கறதையே தேடி வாங்குங்க, ஏசி இல்லாத ரூமுக்கு அதான் சரி.

பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டா ஈபி பில் எகிறும்னு எங்க அக்கா சண்டைக்கே வந்துச்சு. எகிறாது. சிஸ்டம் கேக்கறதத்தான் அது இழுக்கும், 350 கேட்டா ப்ரான்ஸ்னு கரண்ட் வீணாகாத தரத்துக்கு முத்திரை இருக்கற எஸ்எம்பிஎஸ் 85 பர்சென்ட் கணக்குல ப்ளக்குல 410 கிட்ட எடுக்கும், அவ்ளோதான், 550ஆ இருந்தாலும் 650ஆ இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா யூபிஎஸ்ஸைப் பாத்துக்குங்க, 600 விஏன்னு விக்கறது நிறைய 360 வாட்ஸ் தான், ஃபுல் லோடுல கேம் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா சிஸ்டமும் கூடவே போயிடும்.

கடைசியா ஒண்ணு, மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது ஒயரைத் தனியா கழட்டி மாட்டற டைப், மாத்துனா பழசோட ஒயரையும் சேத்துக் கழட்டிடுங்க. பின்னு ஒரே மாதிரி கீதேன்னு பழைய ஒயரைப் புதுசுல மாட்டினா, உள்ள வோல்ட்டேஜ் வரிசை மாறி இருந்துச்சுன்னா எஸ்எஸ்டி பொசுக்குனு போயிடும்.