தேங்காய் எண்ணெய்ச் சோப்பு: முதலில் தராசு, பிறகு எண்ணெய்

வீட்டுச் சோப்புக்கான செய்முறை "ஒரு கப் எண்ணெய், கால் கப் தண்ணீர்" என்று தொடங்கினால் அதை அங்கேயே மூடிவிடலாம். சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிட்டால் சரிசெய்ய ஆயிரம் வழி உண்டு. சோப்பில் காரம், அதாவது காஸ்டிக் சோடா, கூடிவிட்டால் அது தோலில் எரிச்சலாகத்தான் தெரியவரும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது எண்ணெய் அல்ல, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு. அது கையில் வரும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் எண்ணெய் உடைந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறும். நடப்பது இவ்வளவுதான். சமையல் சோடா, சலவை சோடா, அப்பளக்காரம் ஆகியவற்றுக்கு எண்ணெயை இப்படி உடைக்கும் வலு இல்லை. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, இல்லாமல் கட்டிச் சோப்பு வராது. "காஸ்டிக் சேர்க்காத இயற்கைச் சோப்பு" என்று விற்கப்படுவதற்குள்ளும் யாரோ ஒருவர் ஏற்கெனவே சேர்த்த காரம் இருந்திருக்கும். பயப்பட வேண்டாம். அளவு சரியாக இருந்தால் எல்லாக் காஸ்டிக்கும் எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும், முடிந்த சோப்பில் எதுவும் மிஞ்சாது.

ரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் காஸ்டிக் சோடா செதில்களாகக் கிடைக்கும். தூய்மை 98 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று குறித்திருப்பதைப் பாருங்கள். குளியலறைக் குழாய் அடைப்பு நீக்கும் பொடியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அது ஆகாது. திறந்து வைத்த காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நசநசவென்றாகி வீரியம் குறையும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெறும் கண்ணுக்கு அது கல்கண்டுத் தூள் போலத்தான் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் சிறு குழந்தைகள் ஓடியாடிக்கொண்டிருந்தால் முதல் முயற்சியாகக் கடையில் கிடைக்கும் 'சோப் பேஸ்' வாங்கலாம். துண்டு போட்டு, கொதிநீர் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, பிடித்த மணம் சேர்த்து அச்சில் ஊற்றினால் ஓரிரு மணி நேரத்தில் சோப்பு. காஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். ஆனால் எந்த எண்ணெய் எவ்வளவு என்பது அதில் நம் கையில் இல்லை.

கணக்கு

ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வோர் அளவு காஸ்டிக் கேட்கும். 100 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ வேண்டியது இது:

தேங்காய் எண்ணெய் – 18.3 கிராம்
பாமாயில் – 14.1 கிராம்
கடலை எண்ணெய் – 13.6 கிராம்
நல்லெண்ணெய் – 13.4 கிராம்
ஆலிவ் எண்ணெய் – 13.4 கிராம்
விளக்கெண்ணெய் – 12.8 கிராம்

தேங்காய் எண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். "அது இல்லை, இதை ஊற்றிக்கொண்டேன்" என்பது இங்கே செல்லாது. எண்ணெயை மாற்றினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு ஏற்ற கலவை: தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். தேங்காய் எண்ணெய் கட்டித்தன்மையும் நுரையும் தரும், நல்லெண்ணெய் அதன் கடுமையைத் தணிக்கும், விளக்கெண்ணெய் நுரையை நிலைக்க வைக்கும். இம்மூன்றுக்கும் வேண்டிய காஸ்டிக் 54.9 + 20.1 + 6.4 = 81.4 கிராம். இதை அப்படியே போடக் கூடாது. 8 சதவீதம் குறைத்து 75 கிராம் எடுங்கள். கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் மிஞ்சும். அதுதான் நமக்குப் பாதுகாப்பு, தோலுக்கு வழுவழுப்பும் அதுவே. தண்ணீர் 150 கிராம், அதாவது காஸ்டிக்கைப் போல இரண்டு பங்கு.

எடை பார்க்காமல் மில்லியில் அளந்தால் என்ன ஆகும்? எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 460 கிராம்தான் இருக்கும். மேலே சொன்ன மூன்று எண்ணெய்களையும் கிராமுக்குப் பதில் மில்லியில் அளந்து ஊற்றினால் அவற்றுக்கு வேண்டிய காஸ்டிக் ஏறத்தாழ 75 கிராமாகக் குறைந்துவிடும். நாம் போடுவதும் 75. பாதுகாப்புக்கு விட்ட எண்ணெய் முழுவதும் போயிற்று. பாக்கெட்டில் மில்லி கணக்கு அச்சிட்டிருப்பதால் பலர் சறுக்குவது இங்கேதான்.

தேங்காய் எண்ணெய் மட்டுமே கொண்டும் செய்யலாம். 500 கிராமுக்கு 91.5 கிராம் காஸ்டிக் வேண்டும். ஆனால் வெறும் தேங்காய்ச் சோப்பு அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். ஆகவே 20 சதவீதம் குறைத்து 73 கிராம் போடுங்கள், தண்ணீர் 146 கிராம். போர்வெல் உப்புத் தண்ணீரில் மற்றச் சோப்புகள் நுரைக்கத் திணறும் வீடுகளுக்கு இது நல்லது. தேங்காய்ச் சோப்பு கடல் நீரிலும் நுரைக்கும்.

பாத்திரமும் பாதுகாப்பும்

எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, தடித்த பிளாஸ்டிக் குவளை ஒன்று (அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் உள்ளது), சிலிக்கான் கரண்டி, சமையல் தெர்மாமீட்டர், சிலிக்கான் அச்சு அல்லது பட்டர் பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பா. இவை போதும். அலுமினியம் மட்டும் அறவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். சோப்புக்கு எடுத்த பாத்திரம் சோப்புக்கே இருக்கட்டும், திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு. கண்ணாடியைத் தவிர்ப்பவர்கள் மிகப் பலர், அதைத்தான் தவிர்க்கவே கூடாது. தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். வினிகரோ எலுமிச்சையோ தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, எரிச்சல் குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

செய்முறை

எண்ணெய் மூன்றையும் பாத்திரத்தில் எடை போட்டு ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் முதலில் உருக்க வேண்டியிருக்கும். இளம் சூட்டில் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள்.

இனி காஸ்டிக் கரைசல். ஜன்னல் ஓரத்திலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள். பிளாஸ்டிக் குவளையில் 150 கிராம் குளிர்ந்த தண்ணீர். ஆர்.ஓ. நீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது, போர்வெல் நீரின் சுண்ணாம்பும் இரும்பும் சோப்பைக் கெடுக்கும். 75 கிராம் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் தூவிக் கலக்குங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக். காஸ்டிக் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். முறையாகச் செய்தாலும் கரைசல் 80 டிகிரியைத் தாண்டிச் சுடும், நெடியோடு ஆவி வரும். முகத்தைத் தள்ளி வையுங்கள். சற்று நேரத்தில் கலங்கல் தெளியும். குவளையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தால் 40 டிகிரிக்கு விரைவில் ஆறும்.

எண்ணெயும் கரைசலும் 35–45 டிகிரிக்குள் வந்ததும் கரைசலை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். கைப்பிளெண்டர் இருந்தால் தலையை முழுக்க மூழ்கவைத்து, இருபது விநாடி ஓட்டி, அணைத்துக் கையால் கலக்கி, மறுபடி ஓட்டுங்கள். சில நிமிடங்களில் கெட்டிப்படும். மத்தால் கடைந்தாலும் வரும், அரை மணிக்கு மேல் பொறுமை வேண்டும். மிக்ஸி ஜார் வேண்டாம். மூடியைத் தாண்டித் தெறித்தால் ஆபத்து, அடியில் அலுமினியப் பாகங்களும் இருக்கலாம்.

சோப்புக்காரர்கள் 'டிரேஸ்' என்று சொல்லும் பதம்தான் இங்கே எல்லாம். கரண்டியில் எடுத்து மேலே சொட்டவிட்டால் சொட்டு உடனே மறையாமல் கோலக்கோடு போல ஒரு நொடி மேலேயே நிற்க வேண்டும். தோசை மாவு பதம் போதும். வடை மாவு அளவுக்குப் போய்விட்டால் அச்சில் இறங்காது, இடையில் காற்றுக்குழி விழும். பதம் வந்தது போலத் தெரிந்தும் ஓரத்தில் எண்ணெய் கோடுகோடாகப் பிரிந்து நின்றால் அது போலிப் பதம். எண்ணெய் குளிர்ந்து உறைந்ததால் வரும் தோற்றம் அது. இன்னும் கலக்குங்கள்.

மணமும் பொடியும் பதம் வந்த பிறகுதான். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு, அல்லது அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அல்லது ஒரு தேக்கரண்டி நைசான காபித்தூள். சிறிது எண்ணெயில் குழைத்துப் போட்டால் கட்டி தட்டாது. மஞ்சள் சேர்த்ததும் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கும். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு, சில நாளில் ஆரஞ்சுக்குத் திரும்பும். நறுமண எண்ணெய் 10 முதல் 15 கிராம் வரை.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். எலுமிச்சைச் சாறும் தயிரும் காஸ்டிக்கை விழுங்கி உங்கள் கணக்கைக் கெடுக்கும். பச்சை வேப்பிலை, பூவிதழ், பழத்துண்டு ஆகியவை ஈரத்தோடு உள்ளே கறுத்து அழுகும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் தரும் அழகான சிவப்பு காரத்தில் பழுப்பாகிவிடும். பால் சேர்க்க ஆசைப்பட்டால் தண்ணீருக்குப் பதில் உறைந்த பால் கட்டிகளில் காஸ்டிக்கைத் தூவ வேண்டும். சாதாரணப் பாலில் போட்டால் சர்க்கரை கருகி நாற்றமடிக்கும். முதல் தடவை பால் வேண்டாம்.

அச்சில் ஊற்றித் தட்டி, அசையாமல் வையுங்கள். கம்பளியால் போர்த்தச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாட்டுக்காரர்களுக்கானவை. சித்திரை வெயிலில் போர்த்தினால் சோப்பு உள்ளே சூடேறி நடுவில் பிளந்து பொங்கும். கலவைச் சோப்பை 24 மணி நேரம் கழித்து, கையுறையோடு, அச்சிலிருந்து எடுத்து வெட்டலாம். தேங்காய் மட்டும் என்றால் அவ்வளவு நேரம் விடாதீர்கள். நாலைந்து மணி நேரத்திலிருந்தே அழுத்திப் பார்த்து, கட்டிச் சீஸ் பதத்தில் வெட்டுங்கள். பிந்தினால் கத்தி பட்டதும் பாளம் பாளமாக உடையும். இதற்குத் தனித்தனிக் குழி அச்சு வசதி.

பாத்திரத்தில் ஒட்டியதைக் கையுறையோடு பழைய காகிதத்தால் துடைத்தெடுத்துவிட்டு மறுநாள் கழுவினால் போதும். மிச்சம் அதற்குள் சோப்பாகியிருக்கும்.

காயவைப்பதும் சோதிப்பதும்

வெட்டிய கட்டிகளை இடைவெளி விட்டு, நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். வினை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும், பிறகு காத்திருப்பது தண்ணீர் வற்றிச் சோப்பு இறுகுவதற்காக. நான்கு வாரம், மழைக்காலத்தில் ஆறு வாரம். ஒரு கட்டியை வாரந்தோறும் எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் தயார். அவசரப்பட்டு எடுத்தால் சோப்புப் பெட்டியிலேயே கரைந்து கூழாகும்.

காரம் மிஞ்சியிருக்கிறதா என்று மஞ்சளை வைத்துச் சோதிக்க வேண்டாம். நல்ல சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், புடவையில் மஞ்சள் கறை மேல் எந்தச் சோப்பைத் தேய்த்தாலும் சிவக்கிறதே. பழைய சோப்புக்காரர்கள் செய்வது, இரண்டு வாரம் கழித்து ஈர விரலால் சோப்பைத் தேய்த்து, விரலை நாக்கின் நுனியில் லேசாகத் தொட்டுப் பார்ப்பது. சோப்புச் சுவை மட்டும் என்றால் நல்லது. மின்சாரம் போலச் சுரீர் என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அது உடம்புக்கு ஆகாது.

மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கரைசல் காற்றோடு சேர்ந்ததால் வந்த சலவை சோடா, ஈரத்துணியால் துடைத்தால் போகும். உள்ளே வெள்ளையாக நொறுங்கும் கற்களோ பளபளக்கும் நீர்க்குழிகளோ இருந்தால் கதை வேறு. காஸ்டிக் முழுதாகக் கரையாமலோ கலவாமலோ போயிருக்கிறது, பயன்படுத்தாதீர்கள். மூன்று நாளாகியும் களிபோல இருந்தால் காஸ்டிக் குறைந்திருக்கும், அல்லது தண்ணீர் கூடியிருக்கும். இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். மாதங்கள் கழித்து ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால் மிஞ்சிய எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம். பழைய எண்ணெயாலும் இரும்புத் தட்டில் காயவைப்பதாலும் அது சீக்கிரம் வரும். வடை பொரித்த எண்ணெயில் குளியல் சோப்பு செய்யாதீர்கள், பாத்திரம் தேய்க்கும் கட்டிக்கு அது பரவாயில்லை.

இந்த அளவில் 100 கிராம் சோப்பு ஏழு கிடைக்கும், காய்ந்ததும் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து கிராம் குறையும். காற்று புகாத டப்பாவில் அடைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள், மேலே செய்த தேதியையும் எண்ணெய் அளவையும் எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் விற்கும் எண்ணம் வந்தால் ஒன்று: இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது. விற்பனைக்குத் தயாரிக்க 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும்.