பழைய பங்களாவை இடித்துப் புது வீடு: கோலாலம்பூரில் செலவுக் கணக்கு போடும் முறை

செத்தாப்பாக்கில் ஒரு பழைய ஒற்றை மாடி பங்களா, 1,500 சதுர அடி. அதை இடித்துவிட்டு 3,200 சதுர அடியில் இரட்டை மாடி வீடு. சதுர அடிக்கு 300 வெள்ளி என்கிறார் குத்தகையாளர். பெருக்கிப் பார்த்தால் 960,000. பெரும்பாலான குடும்பங்கள் இந்த எண்ணைத்தான் வங்கிக்கும் எடுத்துப் போகின்றன, சொந்தக்காரர்களிடமும் சொல்கின்றன.

அந்த 300 வெள்ளிக்குள் அடங்குவது தரைமட்டத்திலிருந்து கூரை வரை உள்ள கட்டடம் மட்டும். இடிப்பு, மண்ணுக்குள் போகும் பணம், மதில், வாடகை, வட்டி எதுவும் அதில் சேராது. எல்லாவற்றையும் கூட்டினால் இதே வீட்டின் கணக்கு 16 லட்சம் வெள்ளியை நெருங்கும். இங்கே வரும் விலைகள் கூட்டும் முறையைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் எண்களை உங்கள் குவோட்டேஷனிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

முதலில் கிராண்டு, பிறகு வங்கி

கிராண்டை, அதாவது நிலப்பட்டாவை, நில அலுவலகத்தில் தேடி எடுங்கள். ‘ஷாராட் ஞாத்தா’ என்ற இடத்தில் அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று எழுதியிருக்கும். ஒரே ஒரு குடியிருப்பு என்று இருந்தால், அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டாகப் பிரித்துக் கட்டும் யோசனையை அங்கேயே நிறுத்திவிடலாம். குத்தகை நிலமாக இருந்தால் மீதி எத்தனை ஆண்டு என்று பாருங்கள். வங்கி அதைத்தான் முதலில் கேட்கும்.

பழைய வீட்டின் மேல் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தட்டக்கூடாது. வங்கி ஈடாக வைத்திருப்பது நிலத்தையும் அதன் மேல் நிற்கும் கட்டடத்தையும் சேர்த்து. வீடு போனால் ஈட்டின் மதிப்பில் ஒரு பங்கு போகிறது, பழைய தீக்காப்புறுதிக்கும் பொருள் இல்லாமல் போகிறது. ‘என் வீடு, நான் இடிக்கிறேன்’ என்ற நியாயம் கடன் ஒப்பந்தத்தின் முன் எடுபடாது.

கட்டுமானக் கடன் மொத்தமாகக் கைக்கு வராது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, ஆர்கிடெக்ட் சான்றிதழ் கொடுத்த பிறகே வங்கி பணத்தை விடும். ஆகவே ஆர்கிடெக்ட் கட்டணம், மண் சோதனை, இடிப்பு, பெரும்பாலும் பைலிங்கின் (அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் தூண் இறக்கும் வேலை) தொடக்கமும் உங்கள் கைப்பணத்தில் நடக்கும். வீடு கட்ட இபிஎஃப் பணம் எடுக்கலாம். 2024 மே மாத மாற்றத்திற்குப் பின் அது அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து வரும். ஆனால் முதல் ஆறு மாதச் செலவுக்கு அதை நம்பி உட்காராதீர்கள்.

இடிப்பு

இடிக்கவும் அனுமதி வேண்டும், கட்டவும் அனுமதி வேண்டும். இரண்டும் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருபவை. கோலாலம்பூரில் மாநகர் மன்றமான டிபிகேஎல்-இடம் மனுச் செய்ய வேண்டும். புது வீட்டின் பிளான் பாஸ் ஆகும் முன் பழைய வீட்டை இடித்துவிடாதீர்கள். பிளான் மாதக்கணக்கில் இழுத்தால், குடியிருக்க வீடும் இல்லாமல், வாடகையும் கொடுத்துக்கொண்டு, காலி நிலத்தில் புல் வெட்ட ஆளும் தேட வேண்டியிருக்கும்.

குப்பையின் அளவை நீங்களே கணக்கிடலாம். 1,500 சதுர அடி வீட்டின் தரை 100 மில்லிமீட்டர் கனத்தில் 14 கன மீட்டர். சுமார் 90 மீட்டர் நீளச் சுவர், 3 மீட்டர் உயரம், 130 மில்லிமீட்டர் கனம் என்றால் 35. தூண், பீம், அஸ்திவாரம் 20. கூரை ஓடும் மற்றவையும் 10. ஆக 80 கன மீட்டர் திடப்பொருள். உடைத்துப் போட்டால் ஒன்றரை மடங்கு உப்பும், அதாவது 120 கன மீட்டர். பத்து கன மீட்டர் லோரியில் 12 நடை. ஈரமாக இருந்தால் எடை கூடி இன்னும் ஒன்றிரண்டு நடை. ஐந்து லோரிக்கு விலை போட்டு வருபவரிடம் மீதிக் குப்பை எங்கே போகும் என்று கேளுங்கள். அது ஓர் ஆற்றோரத்தில் கொட்டப்பட்டால், விலாசம் எழுதிய பழைய கடிதம் ஒன்று அதில் கிடந்தாலும் தேடி வருவது உங்களைத்தான். அனுமதி பெற்ற கொட்டுமிடத்தின் ரசீதைக் காட்டினால்தான் கடைசித் தவணை என்று குவோட்டேஷனிலேயே எழுதுங்கள்.

அதில் இன்னொரு வரியும் கட்டாயம்: ‘பழைய அஸ்திவாரத்தையும் தோண்டி எடுத்து, குழியை மூடித் தர வேண்டும்’. மலிவான விலைகள் தரைமட்டம் வரைக்கும்தான். மண்ணுக்குள் கிடக்கும் பழைய கான்கிரீட்டில் புது பைல் மோதி உடைந்தால், பைலும் போய், தோண்டும் யந்திரமும் திரும்ப வர வேண்டும். செப்டிக் டேங்கும் இதே கதைதான். கழிவை உறிஞ்சி எடுத்து, நீர் தேங்காமலிருக்க அடித்தளத்தை உடைத்து, மணல் நிரப்ப வேண்டும். அப்படியே மண்ணைப் போட்டு மூடினால் சில ஆண்டுகளில் கார் நிறுத்துமிடம் உள்ளே இறங்கும்.

பழைய வீட்டின் அலைத்தகட்டுக் கூரையிலும் சீலிங் பலகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஒரு துண்டைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பிப் பாருங்கள், செலவு சொற்பம். இருந்தால், யந்திரம் வருமுன் நனைத்து, உடைக்காமல் கையால் கழற்றி, பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி, அதற்கென உரிமம் உள்ளவர் மூலம்தான் அகற்ற வேண்டும். இதற்குத் தனி விலை வாங்குங்கள்.

செங்கால் மரச்சட்டம், நல்ல கதவு, இரும்பு, அலுமினியம் இவற்றுக்கு மதிப்பு உண்டு. அவை யாருக்கு என்று எழுதவில்லை என்றால் இடிப்பவருக்கே போகும். டிஎன்பி மின்மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் முறைப்படி கழற்றியது உறுதியான பின்பே யந்திரம் உள்ளே வரட்டும்.

மண்ணுக்குள் போகும் பணம்

பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான். கோலாலம்பூரின் அடிநிலம் ஒரே மாதிரி இல்லை. நகரின் பல பகுதிகளுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் குகையும் பொந்தும் உண்டு. சில இடங்கள் பழைய ஈயலம்பம், அதாவது ஈயச் சுரங்க நிலம். மேலே கெட்டியாகத் தெரியும், கீழே சேறு. பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மீட்டரில் நிறுத்தினார் என்பதற்காக உங்களுக்கும் ஆறு மீட்டர் போதும் என்று யாரும் சொல்ல முடியாது.

மெக்கிண்டாஷ் புரோப் மண்ணின் கெட்டியைப் பார்க்கும் மலிவான சோதனை. கையால் சுத்தியல் போட்டு, 300 மில்லிமீட்டர் இறங்க 400 முறை அடிக்க வேண்டிவந்ததும் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு பாறைத்துண்டில் முட்டினாலும் அங்கேயே நின்றுவிடும். அதைக் கெட்டித் தரை என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. இரட்டை மாடிக்கு, அதுவும் சுண்ணாம்பு நிலத்தில், குறைந்தது இரண்டு போர்ஹோல் (யந்திரத்தால் போடும் ஆழத் துளை) போட்டு பாறைக்குள்ளும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவில் கை வைப்பவர்கள் பின்னால் பைலிங்கில் அதைப் பல மடங்காகக் கொடுக்கிறார்கள்.

பைலிங் விலையில் வரும் நீளம் உத்தேசம்தான். இறங்கிய நீளத்தை அளந்துதான் பணம். 40 பைல், ஒவ்வொன்றும் 9 மீட்டர் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, உண்மையில் 15 மீட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 240 மீட்டர். மீட்டருக்கு 90 வெள்ளி என்றால் 21,600. கூடுதல் நீளத்திற்கான மீட்டர் விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால்தான் இந்த எண் 21,600-இல் நிற்கும்.

பைல் இறங்குமுன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஏற்கனவே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து, வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்குங்கள். ‘உங்கள் வேலையால்தான் விரிசல்’ என்ற பேச்சு வரும்போது இந்தக் காகிதம்தான் பேசும். அஸ்திவாரக் குழி தோண்டுவதை ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வைக்காமலிருந்தால் தண்ணீர் இறைக்கும் செலவு குறையும்.

பினாங்கில் சிக்கல் வேறு வகை. கடல்மட்டத்திலிருந்து 250 அடிக்கு மேல் இருந்தால் மலைநிலக் கட்டுப்பாடு வரும். ஜார்ஜ்டவுனின் பாரம்பரிய வட்டாரத்திற்குள் இருந்தால், இடிப்பது என்ற பேச்சையே மறந்துவிட்டுப் பழுதுபார்ப்புக் கணக்கைத் தொடங்குங்கள்.

கட்டுமானமும் ஒப்பந்தமும்

சதுர அடி விலை என்று யார் சொன்னாலும் எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். கார் போர்ச்சையும் பால்கனியையும் ஒருவர் முழுதாக எண்ணுவார், ஒருவர் பாதியாக எண்ணுவார். 300 வெள்ளியில் முழுதாக எண்ணுபவரைவிட, 320-இல் பாதியாக எண்ணுபவர் மலிவாக இருக்கலாம்.

அடுத்தது பிசி விலை, அதாவது சாமான்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கும் உத்தேச விலை. டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 4 வெள்ளி என்று குத்தகையாளர் ஒதுக்கியிருப்பார். கடையில் உங்களுக்குப் பிடித்தது 9 வெள்ளி. 3,000 சதுர அடி, வெட்டு விரயம் பத்து விழுக்காடு சேர்த்து 3,300. வித்தியாசம் 16,500 வெள்ளி. டைல்ஸ், குழாய், கழிவறைச் சாமான், கதவு, பூட்டு எல்லாவற்றையும் கையெழுத்திடுமுன் கடையில் போய்ப் பார்த்து உண்மையான விலையை உள்ளே போடுங்கள்.

வாஸ்து பார்ப்பவர்கள் பிளான் வரையும்போதே பார்த்துவிட வேண்டும். பூமி பூஜைக்கு வந்த மாமா சொன்னார் என்று படிக்கட்டை மாற்றினால், பைலின் இடம் மாறும், பொறியாளர் கணக்கு மாறும், பிளானும் மறுபடி டிபிகேஎல்-க்குப் போகும்.

குத்தகையாளர் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை தரங்கள் உண்டு, ஜி7-ஐத் தவிர மற்றவற்றுக்கு வேலை மதிப்பில் உச்சவரம்பு உண்டு. உங்கள் தொகை அவருடைய வரம்புக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். 500,000 வெள்ளிக்கு மேற்பட்ட வேலைக்கு 0.125 விழுக்காடு லெவி கட்ட வேண்டும். 960,000-க்கு 1,200 வெள்ளி. கட்டுபவர் குத்தகையாளர்தான், ஆனாலும் அது விலைக்குள் வந்துவிடும்.

மலேசிய ஆர்கிடெக்ட் சங்கத்தின் பாம் 2018 போன்ற நிலையான ஒப்பந்தத்தையே பயன்படுத்துங்கள். 30 விழுக்காடு முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்த வேலைக்குத்தான் பணம். இடிப்பு, அஸ்திவாரம் போன்ற முதல் கட்டங்களின் விலையை ஏற்றி, கடைசிக் கட்டங்களின் விலையை இறக்கி வைப்பது பழைய தந்திரம். பூச்சு வேலை வரும்போது அவருக்கு வர வேண்டிய லாபம் முழுதும் வந்திருக்கும், பிறகு ஆளைப் பிடிப்பது கடினம். ஒவ்வொரு பில்லிலும் 10 விழுக்காட்டைப் பிடித்து, மொத்தத்தில் 5 விழுக்காடு சேரும் வரை கையில் வையுங்கள். வேலை முடிந்ததும் பாதி, குறை நிவர்த்திக் காலம் முடிந்ததும் மீதி. தாமதத்திற்கான நாள் கணக்கு இழப்பீட்டையும் எழுதுங்கள்: மாத வாடகையையும் மாத வட்டியையும் கூட்டி 30-ஆல் வகுத்தால் நியாயமான எண் கிடைக்கும்.

இந்தப் பிடிப்புத் தொகை ஏன் முக்கியம் என்றால், 2012-ஆம் ஆண்டின் கட்டுமானப் பணப்பட்டுவாடா, தீர்வுச் சட்டம் தனிநபர் தாமே குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் விரைவுத் தீர்வு உங்களுக்குக் கிடையாது. சச்சரவு வந்தால் மத்தியஸ்தம், இல்லையென்றால் நீதிமன்றம்.

கூட்டிப் பார்ப்போம்

நில அளவை, மண் சோதனை 15,000. ஆர்கிடெக்ட், பொறியாளர் கட்டணம் கட்டுமானத்தில் 10 விழுக்காடு என்று வைத்தால் 96,000. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 7,680. இடிப்பு 40,000. பைலிங் 70,000. கட்டடம் 960,000. மதில், கேட், வடிகால், வாசல் தரை 80,000. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு 20,000. சமையலறை கேபினெட், அலமாரி, ஏர்கோன், விளக்கு 120,000. 18 மாத வாடகை 2,500 வீதம் 45,000, சாமான் மாற்ற 5,000. கடன் 800,000, வட்டி 4.2 விழுக்காடு, 14 மாதம், சராசரியாகப் பாதித் தொகை வெளியே என்றால் வட்டி ஏறத்தாழ 20,000. இதுவரை 1,478,680.

இடிப்பு, பைலிங், கட்டடம், வெளிவேலை நான்கும் சேர்ந்து 1,150,000. அதில் 10 விழுக்காடு, 115,000, எதிர்பாராச் செலவுக்கு. மொத்தம் 1,593,680. இந்த 115,000-ஐக் கூரை ஏறும் வரை தொடாதீர்கள். மண்ணுக்காக ஒதுக்கிய பணத்தை மார்பிளுக்குக் கொடுத்துவிட்டு விழிப்பவர்கள் நிறையப் பேர். கணக்கு எட்டவில்லை என்றால் பரப்பளவைக் குறையுங்கள். 300 சதுர அடி குறைத்தால் 90,000 மிச்சம். டைல்ஸை மலிவாக்கி அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை ஃபேஸ் இணைப்பு 12 கேவிஏ வரைதான். ஆறு ஏர்கோன், மூன்று வாட்டர் ஹீட்டர், மின்கார் சார்ஜர் என்றால் மூன்று ஃபேஸ் வேண்டும். டிஎன்பி மனுவை வேலையின் நடுவிலேயே தொடங்குங்கள். வீடு முடிந்து மின்சாரத்திற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் 2,500 வெள்ளி வாடகை.

கடைசியில் சிசிசி, அதாவது வீடு முறைப்படி முடிந்ததற்கான சான்றிதழ், ஃபாரம் எஃப். ஆர்கிடெக்ட் அதைக் கொடுக்க, ஜி1 முதல் ஜி21 வரையிலான கட்டச் சான்றிதழ்களில் உங்கள் வேலைக்குரியவை கையெழுத்தாகியிருக்க வேண்டும் (குத்தகையாளர் தரத்தின் ஜி வேறு, இது வேறு). குழாய்க்காரரோ வயரிங்காரரோ பணத் தகராறில் கையெழுத்திடாமல் போனால் முழு வீடும் நின்றுவிடும். அவர்கள் குத்தகையாளரிடமிருந்து பணம் பெற்றார்களா என்று நடுநடுவே விசாரியுங்கள். சிசிசி வந்தபின் டிபிகேஎல் வீட்டை மறுமதிப்பீடு செய்யும், மதிப்பீட்டு வரி ஏறும். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அந்தப் பில்லையும், புதுக் கட்டட மதிப்புக்கான தீக்காப்புறுதியையும் குடிபுகும் ஆண்டின் குடும்பச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.