மெய்ப்புத் திருத்தம்: இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் அச்சுப்பக்கம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் குடமுழுக்கு மலரோ தலவரலாறோ கல்வெட்டுத் தொகுப்போ லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் கோக்கிறவர்களுக்குத் திருத்தத்தில்தான் நேரம் போகும். ஒரு சொல்லை மாற்றி, லேட்டெக்கை மறுபடி ஓட்டி, அது தரும் பிடிஎஃப்பைத் திறந்து, விட்ட பக்கத்தைத் தேடும் அலைச்சல் தேவையே இல்லை. திரையின் இடது பாதியில் எடிட்டரும் வலது பாதியில் பிடிஎஃப்பும் இருக்கட்டும்.

தமிழுக்கு லேட்டெக்கின் வகைகளான ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக் வேண்டும். எழுத்துருவை அமைக்கும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவோடு ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்லுங்கள். லுவாலேட்டெக் என்றால் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் சேருங்கள். விட்டுவிட்டால் ‘கொடி’யின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கலாம்.

டெர்மினலில் லேட்டெக்கைத் தானே ஓட்டித் தரும் லேட்டெக்எம்கே என்ற கருவியை ஸீலேட்டெக், பிவிசி (கோப்பைக் கவனித்துக்கொண்டே இருப்பது), சிங்க்டெக்ஸ் 1 ஆகிய தெரிவுகளோடு ஓட்டி, ஜன்னலை மூடாமல் விடுங்கள். 2 நொடிக்கு ஒருமுறை கோப்பு மாறியதா என்று பார்க்கும். மாறியிருந்தால் பொருளடக்கமும் பக்க எண்ணும் சரியாகும்வரை தானே திரும்ப ஓட்டும். எடிட்டரின் தானியங்கிச் சேமிப்பை அணைத்துவிடுங்கள். பாதி அடித்த அடைப்புக்குறியோடு ஓடினால் பிழைதான் வரும். அப்போது பழைய பக்கமே திரையில் நிற்கலாம். திருத்தியது தெரியவில்லை என்றால் முதலில் டெர்மினலைப் பாருங்கள்.

பிடிஎஃப் பார்வையியாக விண்டோஸில் சுமாத்ரா பிடிஎஃப் வைத்துக்கொள்ளுங்கள். அடோபி ரீடர் திறந்த கோப்பைப் பூட்டிவிடும், புதியதை எழுத முடியாது. லினக்ஸில் ஆக்குலர் போதும்.

திருத்துகிறவருக்கு உண்மையில் கைகொடுப்பது, பிடிஎஃப்பில் உள்ள இடத்தை மூலக் கோப்பின் வரியோடு இணைக்கும் சிங்க்டெக்ஸ். லேட்டெக்கின் நிறுவல் தொகுப்பான டெக் லைவின் 2008 பதிப்பு முதல் கூடவே வருகிறது. சுமாத்ராவில் பிழையின் மேல் இரட்டைச் சொடுக்கு, ஆக்குலரில் ஷிஃப்ட்டோடு சொடுக்கு: எடிட்டர் அந்த வரிக்கே போய்விடும். பார்வையியின் அமைப்பில் உங்கள் எடிட்டரின் கட்டளையை ஒருமுறை பதிந்து வைக்க வேண்டும்.

ஆனால் சிங்க்டெக்ஸுக்குத் தெரிந்தது வரி எண் மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட பெண்களின்) பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பெயர் முன்னால் ‘நக்கன்’ என்றே வரும். அந்தச் சொல்லைத் தேடி இடத்தைப் பிடிக்க முடியாது. பட்டியல் முழுவதையும் ஒரே நீள வரியாக அடித்திருந்தால் எங்கே சொடுக்கினாலும் அதே வரிதான். பெயருக்கு ஒரு வரி வையுங்கள். உரைநடையில் வாக்கியத்துக்கு ஒரு வரி. அச்சில் எல்லாம் ஒரே பத்தியாகவே சேரும். இடையில் வெற்று வரி மட்டும் விடாதீர்கள், புதுப் பத்தி ஆகிவிடும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அகலம் குறைந்த பக்கத்தில் ஓரம் தாண்டும். கோப்பின் தொடக்க அமைப்புப் பகுதியில் ஓவர்ஃபுல்ரூல் அளவை 5 பாயின்ட் என்று வைத்தால், தாண்டிய வரியின் ஓரத்தில் கறுப்புக் கட்டம் விழும். டிராஃப்ட் தெரிவும் இதைச் செய்யும், ஆனால் படங்கள் வெற்றுச் சட்டங்களாகிவிடும்.

நூல் பெரிதானால் இன்க்ளூட்ஒன்லி கட்டளையில் திருத்தும் இயலை மட்டும் குறியுங்கள். முன்பு முழுதாக ஓட்டியிருந்தால் பக்க எண்கள் பெரும்பாலும் மாறாது. அச்சகத்துக்கு அனுப்பும் முன் அதையும் ஓவர்ஃபுல்ரூலையும் எடுத்துவிட்டு, முழு நூலையும் ஒருமுறை ஓட்டுங்கள்.