முதல் ட்ரையத்லனுக்குத் தயாராவது எப்படி: கொழும்பில் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

கடந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, கொழும்புத் துறைமுக நகரத்துக் கரையில் நீச்சல் தொப்பியும் கண்ணாடியுமாக நின்றேன். வயது 37. நீந்தக் கற்று மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 400 மீற்றர் நீச்சல், 10 கிலோமீற்றர் சைக்கிள், 2.5 கிலோமீற்றர் ஓட்டம் என மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லன் போட்டியை 1 மணி 4 நிமிடத்தில் முடித்தேன். அன்றிலிருந்து வெள்ளவத்தையில் என்னைத் தெரிந்த பெண்கள் பலர் “அக்கா, எங்களாலும் முடியுமா?” என்று கேட்கிறார்கள். முடியும். நான் செய்ததையும், முன்பே தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைப்பவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சிறிய தூரத்தைத் தெரிவுசெய்யுங்கள்

ட்ரையத்லன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது 2018 பெப்ரவரியில் முதன்முறையாகக் கொழும்பில் நடந்த அயன்மேன் 70.3. அதில் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இந்த விளையாட்டில் பல அளவுகள் உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1.5, 40, 10 கிலோமீற்றர் கொண்ட போட்டி. அதில் சரிபாதி ‘ஸ்பிரிண்ட்’: 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர். அதிலும் ஏறத்தாழப் பாதி, நான் கலந்துகொண்டது. முதல் தடவைக்கு இதுவே போதும். அரை மணி நேரம் நிற்காமல் வேகமாக நடக்கக்கூடிய ஒருவர், நீச்சல் தெரிந்திருந்தால், பத்து முதல் பன்னிரண்டு வாரங்களில் தயாராகிவிடலாம்.

வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழு ஓய்வு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் முடியாது, தேவையும் இல்லை.

படி 2: தடாகத்தில் கற்று, கடலில் பழகுங்கள்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள் என்பேன். சைக்கிளில் களைத்தால் கால் ஊன்றி நிற்கலாம், ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். கடலில் அப்படியல்ல.

என் அம்மா மட்டக்களப்புக் கரையோரத்தில் பிறந்தவர். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததில்லை. நான் கடலில் நீந்தப் போகிறேன் என்றபோது, “அந்தத் தண்ணீருக்குள்ளே உனக்கு என்ன வேலை, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியால்தான் கடலை மரியாதையோடு அணுகினேன். ஒரு நாள்கூடத் தனியாக இறங்கவில்லை.

முதலில் தடாகம். 25 மீற்றர் தடாகமென்றால் 400 மீற்றருக்கு 16 நீளம். அதை நிற்காமல், மூச்சு இறைக்காமல் நீந்த முடியும்வரை கடலை நினைக்காதீர்கள். வேகம் பொருட்டேயல்ல. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை முழுவதுமாக வெளியே விடுவதே பொருட்டு. புதியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துவார்கள், பிறகு தலையைத் திருப்பும் அந்தக் கணத்துக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். பழைய காற்று உள்ளேயே தேங்கி, நெஞ்சு அடைக்கிறது. தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டே இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கடற்பயிற்சிக்கு மேற்குக் கரையில் ஏற்றது டிசம்பர் முதல் மார்ச் வரையான காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், அப்போது தடாகத்தோடு நின்றுவிடுங்கள். நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில் கல்கிசையில், உயிர்காப்பாளர் கண்ணில் படும்படி, நெஞ்சளவு ஆழத்தில் கரைக்கு இணையாக நீந்தினோம். சிவப்புக் கொடி பறந்த நாட்களில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

கடலில் இரண்டு புதிய விடயங்களைப் பழக வேண்டும். ஒன்று, திசை பார்ப்பது. தடாகத்தின் அடியில் கோடு இருக்கும், கடலில் எதுவும் இராது. ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை, கண் மட்டும் நீருக்கு மேலே தெரியுமளவு தலையை உயர்த்தி மிதவையைப் பாருங்கள். அதற்கு மேல் தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். இரண்டாவது, ஆட்களின் நெருக்கம். நண்பர்களைப் பக்கத்தில் நீந்தச் சொல்லி, தோளும் காலும் உரசப் பழகுங்கள்.

இவ்வளவு பழகியும் போட்டியன்று நான் திணறினேன். ஒலி எழுந்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள், நானும் பாய்ந்தேன். முதல் மிதவைக்கு முன்பே யாரோ ஒருவரின் குதிகால் என் கண்ணாடியில் பட்டது, ஒரு கண்ணுக்குள் உப்புநீர் புகுந்தது, மூச்சு குறுகிவிட்டது. கையை உயர்த்தினேன். நீர்ப்பலகையில் இருந்த உயிர்காப்பாளத் தம்பி பக்கத்தில் வந்து பலகையை நீட்டினார். “ஹெமின், அக்கா, ஹெமின்” என்றார் சிங்களத்தில். மெதுவாக, மெதுவாக. பலகையைப் பிடித்தபடி இருபது மூச்சு எண்ணினேன். கண்ணாடியைச் சரிசெய்தேன். பிறகு தவளை நீச்சலில் கொஞ்சத் தூரம் போய், மூச்சு சீரானதும் முகத்தை நீருக்குள் வைத்தேன். பலகையையோ படகையோ பிடித்து ஓய்வெடுப்பது விதிக்கு உட்பட்டதே. பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். எந்த வகை நீச்சலும் அனுமதிக்கப்படும், மல்லாந்து மிதக்கவும் செய்யலாம். இதை மனப்பாடமாக வைத்திருங்கள். ஓரமாகவோ கடைசியாகவோ தொடங்கினால் குதிகால்களிலிருந்தும் தப்பலாம்.

படி 3: இருக்கிற சைக்கிள் போதும்

இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்க வேண்டும். கைப்பிடிக் குழாயின் இரு முனைகளும் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் விழும்போது உடலைக் கிழித்துவிடும், பரிசோதனையில் அனுமதிக்கவும் மாட்டார்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குள் காற்றடியுங்கள். இருக்கையில் அமர்ந்து, மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம்மில் பலர் இருக்கையை மிகத் தாழ்த்தி வைத்து முழங்காலை வருத்துகிறோம்.

நான் மரைன் டிரைவில் ஞாயிறு விடியலில் ஓட்டினேன். ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும், பஸ் இரைச்சல் இல்லை. ஏழு மணிக்குப் பிறகு அங்கே நிற்காதீர்கள். துறைமுக நகரத்து வீதிகள் மட்டமானவை, ஆனால் நிழல் இல்லை, காற்று பலம். காற்றுக்கு எதிரே போகும்போது கியரைக் குறைத்து, வேகம் குறைவதைப் பொருட்படுத்தாமல், கால்களை ஒரே சீராகச் சுழற்றுங்கள்.

படி 4: சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடிப் பழகுங்கள்

இதைச் செய்யாமல் போட்டிக்குப் போகாதீர்கள். 30 நிமிடம் சைக்கிள் ஓட்டிவிட்டு, உடனே சப்பாத்தைக் கட்டி 10 நிமிடம் ஓடுங்கள். கால்கள் உங்களுடையவை அல்ல என்று தோன்றும். தொடை கல்லாகக் கனக்கும், பாதம் எங்கே விழுகிறது என்றே தெரியாது. சுழற்சிக்குப் பழகிய தசைகள் ஓட்டத்துக்கு மாறச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்தச் சில நிமிடங்கள் கடந்துபோகும் என்பதை உடம்பு ஒரு தடவையேனும் கண்டிருக்க வேண்டும். நான் நான்கு சனிக்கிழமைகள் இதைச் செய்தேன். முதல் நாள் வீட்டு ஒழுங்கையிலேயே நின்றுவிட்டேன். நான்காவது நாள் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை ஓடினேன்.

படி 5: மாற்றிடத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒத்திகை பாருங்கள்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுவது ஒரே இடத்தில்தான். அங்கே கடிகாரம் நிற்பதில்லை. வீட்டு முற்றத்தில் ஒரு துவாயை விரித்து ஒத்திகை பாருங்கள். நான் பத்துத் தடவை பார்த்தேன், என் மகன் நேரம் எடுத்தான்.

துவாயை இரண்டாக மடித்துச் சைக்கிளின் பக்கத்தில் விரியுங்கள். அதன்மேல் சப்பாத்து, நாடா தளர்ந்து, வாய் திறந்தபடி. உள்ளே கொஞ்சம் முகமா (பவுடர்). நாடாவுக்குப் பதில் இழுபடும் ரப்பர் நாடா போட்டால் கட்டவே தேவையில்லை. தலைக்கவசம் கைப்பிடியின்மேல் மல்லாந்து, பட்டிகள் இரண்டும் வெளியே தொங்கியபடி. இலக்கம் குத்திய இடுப்புப்பட்டி அதற்குள். காலில் மணல் ஒட்டியிருக்குமே, அதற்கு ஒரு போத்தல் சாதாரணத் தண்ணீர்.

தலைக்கவசத்தின் கொளுக்கியை மாட்டிய பிறகே சைக்கிளில் கை வைக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே கொளுக்கியைக் கழற்ற வேண்டும். மாறிச் செய்தால் தண்டனை உண்டு. ஈர விரலால் அந்தக் கொளுக்கியை மாட்டுவது எவ்வளவு சிரமம் என்று வீட்டில் கைகளை நனைத்துப் பாருங்கள். சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதும் தரையில் போட்ட கோட்டுக்கு அப்பால்தான். உங்கள் வரிசையையும் எண்ணி வையுங்கள்: நுழைவாயிலிலிருந்து எத்தனையாவது, எதிரே என்ன தெரிகிறது என்று. தண்ணீரிலிருந்து எழும்போது தலை சற்றுச் சுற்றும், எல்லாச் சைக்கிளும் ஒன்றுபோலத் தெரியும்.

உடை பற்றிப் பெண்கள் அதிகம் கேட்கிறார்கள். இறுக்கமான, விரைவில் உலரும் ஒரே உடையில் மூன்றையும் முடித்துவிடுங்கள், இடையில் மாற்ற வேண்டாம். முழங்கால் வரை காற்சட்டை, முழுக்கைச் சட்டை என்று அணியலாம். என் பக்கத்து வரிசையில் நின்ற தங்கை தலைமறைப்போடு நீந்தினார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் வாஸலின் பூசுங்கள். உப்பும் வியர்வையும் சேர்ந்தால் தோல் உரியும்.

படி 6: முதல் நாளும் போட்டி நாளும்

முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும். சம்பல் வேண்டாம். புதிதாக எதையும் பரீட்சிக்க வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு இரண்டு கதலிப் பழமும் ஜாம் பூசிய பாணும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது, அதனால் சைக்கிள் போத்தலில் ஜீவனி உப்புத்தூள் கரைத்து வைத்திருந்தேன். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பது நல்லதல்ல. இதயம், சுவாசம் தொடர்பான தொல்லை இருந்தால் பயிற்சிக்கு முன்பே வைத்தியரைப் பாருங்கள்.

சைக்கிளில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகாதீர்கள். காற்றில்லாத அந்த நிழலில் போவது இத்தகைய போட்டிகளில் பொதுவாகக் குற்றம். கடைசிக் கிலோமீற்றரில் கியரைக் குறைத்து, கால்களை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள். ஓட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. தண்ணீர் மேசையில் பத்து அடி நடந்து, ஒரு குவளையைக் குடித்து, இன்னொன்றைத் தலையில் ஊற்றினேன். அதன் பிறகு இரண்டு பேரை முந்தினேன்.

கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். பத்து நிமிடமாவது நடந்து, பிறகு செவ்விளநீர் குடியுங்கள். கணுக்காலில் கட்டிய நேரச் சிப்பைத் திருப்பிக் கொடுங்கள். நான் அதன் பிறகே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “கரைக்கு வந்துவிட்டாயா?” என்றார். வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சைக்கிள் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். கடலுப்பு ஒரே இரவில் துருவாகிவிடும்.