பெருவில் ஓடிக்கொண்டே இன்கா இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் யாராவது ஒருவர் பெரு பயணத் திட்டத்தை எக்ஸெல்லில் போட்டு அனுப்பி, "சரியா இருக்கான்னு பாருங்கண்ணா" என்று கேட்பார். பழைய இன்கா தலைநகரான குஸ்கோவில் தொடங்கி, புனிதப் பள்ளத்தாக்கு வழியாக ஒல்லாந்தைதம்போ ஊர் வரை ஓட்டம். வழியில் இருக்கும் இன்கா இடிபாடுகள் அத்தனையும். முடிவில் மச்சு பிச்சு. திறந்து பார்த்தால் நான் முதல் தடவை போட்ட அதே திட்டம், அதே ஓட்டைகளோடு.

உயரத்தில் மூச்சு வாங்கும், வெயில் சுடும், ராத்திரி குளிரும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஓடி முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். குஸ்கோவுக்கு மேலே சக்சைவாமான். அதைத் தாண்டி கென்கோ, புக்கா புக்காரா, தம்போமச்சாய். நான்கும் பிசாக் போகும் சாலையை ஒட்டியே இருக்கின்றன. பிசாக் வரை சாலைவழி சுமார் 33 கிலோமீட்டர். "வழியில நாலு, போய்ச் சேர்ந்ததும் பிசாக், ஒரே நாள்ல அஞ்சு" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் இறக்கம் வராது. தம்போமச்சாய் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது; பிசாக் ஊர் 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் இறங்கி வந்தால் தொடைத் தசை என்ன ஆகும் என்று ஓடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் வந்த பிறகுதான் தெரியும், பார்க்க வந்த இடிபாடு ஊரில் இல்லை, தலைக்கு மேலே மலையில் இருக்கிறது என்று. நடைபாதையில் இன்னும் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும், பெரும்பாலும் படிகள். அதற்குள் மத்தியானம் மூன்று மணி ஆகியிருக்கும். ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். அதற்கு முன்பே காவலர்கள் விசில் ஊதி ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படித்தான் ஒரு தம்பி. நல்ல ஓட்டக்காரர், மலைப்பாதைக்குப் புதுசு. காலையில் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, இன்டிவத்தானா பகுதியில் நின்றார். பிசாக்கிலேயே மிக நேர்த்தியான கல்வேலை அங்கேதான். லேசாக உள்பக்கம் சாய்ந்து எழும் சுவர்கள், மேலே போகப் போகக் குறுகும் வாசல்கள், கல் வாய்க்காலில் இன்றைக்கும் ஓடும் தண்ணீர். அவர் பார்த்தது கையில் கட்டியிருந்த கடிகாரத்தை. 39.4 காட்டியது. "அண்ணா, இன்னும் அறுநூறு மீட்டர் போனா நாற்பது ஆயிடும்" என்றார். ஆகட்டும் என்று அந்தச் சுவரையே சுற்றிச் சுற்றி மெதுவோட்டம் ஓட ஆரம்பித்துவிட்டார். காவலர் விசில் அடித்தார். இவர் கையைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்று சைகை காட்டினார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

எதிரே மலைமுகத்தில் வரிசையாகத் துளைகள் தெரியும். பெரிய இன்கா இடுகாடு அது. கல்லறைக் கொள்ளையர்கள் குடைந்து எடுத்துவிட்டுப் போன மிச்சம். அதைக் காட்டுவதற்குள் அவர் இறங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் விடுதி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வந்தார். பள்ளத்தாக்கில் ஓட வேண்டிய நாள், வேனில் போனது. ஒல்லாந்தைதம்போவில் மேலே சூரியக் கோயிலில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் நிற்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கச்சிக்காட்டா மலையில் வெட்டி, பள்ளத்தாக்கைக் கடந்து இழுத்து வந்த கற்கள். அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் எடுத்து வந்த போட்டோவில் பார்த்தார். பிசாக்குக்குத் திரும்பிப் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. பல இடங்களுக்கும் சேர்த்து வாங்கும் சுற்றுலா டிக்கெட்டில் ஒரு இடத்துக்கு ஒரு முறைதான் அனுமதி.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? ஓடி வந்த அன்றைக்குப் பிசாக்கில் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலை வாசல் திறக்கும் நேரத்துக்கு டாக்ஸியில் மேல் நுழைவாயிலுக்குப் போங்கள். அங்கிருந்து இடிபாட்டுக்குள்ளேயே கீழ்நோக்கி நடந்து வரலாம். இடையில் பாறையைக் குடைந்த சின்னச் சுரங்கம் ஒன்று வரும், முதுகுப்பையோடு குனிந்துதான் போக வேண்டும். ஊருக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டத்தைத் தொடங்குங்கள். கால்கா வரை சுமார் 18 கிலோமீட்டர், ஆற்றை ஒட்டி ஏறக்குறைய சமதளம். சூடான தசைக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது.

"டாக்ஸி ஏறினா முழுப் பயணமும் காலால போனதா ஆகாதே" என்பார்கள். ஊரில் ஏறி, ஊருக்கே நடந்து திரும்பி, நிறுத்திய இடத்திலிருந்துதானே ஓடப் போகிறீர்கள்? கோடு எங்கே அறுந்தது? இந்த விவாதத்தை இனி யாரோடும் செய்வதாக இல்லை.

வண்டிக்காரர்களுக்கான டிக்கெட்டை வாங்குவது

குஸ்கோ சுற்றுலா டிக்கெட்டில் முழு டிக்கெட் 16 இடங்களுக்கு, 10 நாள் செல்லும். பகுதி டிக்கெட் கிட்டத்தட்டப் பாதி விலை. பிசாக், ஒல்லாந்தைதம்போ, சின்செரோ, மொராய் நான்கும் அடங்கிய பகுதி டிக்கெட் 2 நாள்தான் செல்லும். காரில் போகிறவர்களுக்கு அது சரி. பிசாக்கிலிருந்து ஒல்லாந்தைதம்போவே சுமார் 60 கிலோமீட்டர். சின்செரோவும் மொராயும் பள்ளத்தாக்குக்கு வெளியே, மேலே மேட்டுநிலத்தில் இருக்கின்றன. காலால் போகிறவர் 2 நாளில் நான்கையும் முடிக்க முடியாது. முழு டிக்கெட்டையே வாங்குங்கள். மச்சு பிச்சு இதில் வராது. குஸ்கோவின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவும் வராது. இரண்டுக்கும் தனிக் காசு.

இன்கா டிரெயிலில் தனியாக ஓடிவிடலாம் என்று நினைப்பது

மச்சு பிச்சுவுக்கு மலை வழியாகப் போகும் பழைய இன்கா நடைபாதை அது. தனியாக ஓட முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான். சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேர். பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டைக் காட்டி பாதை தொடங்கும் 82-ஆவது கிலோமீட்டர் சோதனைச் சாவடியில் வாதாடாதீர்கள்.

"நானும் ஒரு சாஸ்கி"

இன்கா அரசின் அஞ்சல் ஓட்டக்காரர்கள் சாஸ்கிகள். டிஷர்ட்டில் இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு, ஒரே நாளில் 60 கிலோமீட்டர் திட்டம் போடுவது இப்போது ஒரு மோஸ்தர். சாஸ்கி அப்படி ஓடவே இல்லை. அது தொடர் ஓட்டம். சில கிலோமீட்டர் ஓடி, அடுத்த சாவடியில் காத்திருப்பவரிடம் செய்தியையும் கணக்குகளைக் குறிக்கும் முடிச்சுக் கயிறுகளையும் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பார். செய்திதான் நாள் முழுக்க ஓடியது, ஆள் அல்ல.

சாஸ்கிகள் ஓடிய இன்கா சாலையும் நாம் நினைப்பது போல இல்லை. 30,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, இன்றைய ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும் இந்தச் சாலை வலையை யுனெஸ்கோ 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சக்கர வண்டி இல்லாத ஆட்கள் போட்ட சாலை. மனிதக் காலுக்கும் லாமாக்களுக்குமானது. சரிவு செங்குத்தானால் வளைக்காமல் படி வெட்டிவிடுவார்கள். ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். தாளம் பிடித்து இறங்க வழியே இல்லை, மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். இன்கா டிரெயிலில் 4,215 மீட்டர் வார்மிவான்யுஸ்கா கணவாயை ஏறிவிட்ட சந்தோஷத்தில் மறுபக்கம் பாய்ந்து இறங்குகிறவர்கள்தான் கணுக்காலைத் திருப்பிக்கொள்கிறார்கள். இறக்கத்தில் நடங்கள்.

கோகா இலை

டீயாகக் குடிக்கலாம். ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் பந்தயம் அடுத்து இருந்தால் அதுவும் வேண்டாம். ஊருக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவது இந்தியச் சட்டப்படி குற்றம்.

நாய்

குனிந்து கல் எடுப்பது போலப் பாவனை போதும். அங்கேயும் வேலை செய்கிறது.

மச்சு பிச்சு வாசலில் கடைசி நேரத் தகராறு

டிக்கெட்டில் நேரம் உண்டு, எந்தச் சுற்றுப்பாதை என்பதும் உண்டு. டிக்கெட்டில் எந்தப் பாஸ்போர்ட் எண் இருக்கிறதோ அந்தப் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும். அதை ஓட்டப் பையில் வெறுமனே திணித்தால் வியர்வையில் ஊறிவிடும், ஜிப் கவரில் போடுங்கள். 40, 35, 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள். ஓட்டப் பை தப்பிக்கும், கூடாரத்தோடு வந்த முதுகுப்பை தப்பிக்காது. உள்ளே ஓடக் கூடாது. கழிவறை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. ஒருமுறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. நம் ஆட்கள் விடியற்காலையிலேயே இரண்டு லிட்டர் தண்ணீரும் உப்புக் கரைசலும் குடித்துவிட்டு வரிசையில் நிற்பார்கள்.